தலைவருக்கு வந்த கடிதங்கள்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகம், அதன் பழைய வளாகத்தில் பெரும்பகுதி நிலத்துக்குள் இறங்கியிருக்கும் பூசி நூலகத்தில் இருக்கிறது. பையையும் குளிருக்குப் போட்டுவந்த மேலங்கியையும் வெளியே வைத்துப் பூட்டிவிட்டு, பென்சிலோடு மட்டும் உள்ளே போக வேண்டும். பேனாவுக்கு அனுமதி இல்லை. முன்கூட்டியே கேட்டுவைத்த பெட்டி வரும். அதிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு கோப்பை மட்டும் மேசைமேல் திறந்து வைத்துப் படிக்கலாம். மகன் வீட்டில் தங்கியிருந்த நாட்களில், அவனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, பல காலைப் பொழுதுகளை அந்த அறையில் கழித்தேன். நான் கேட்டு வாங்கிப் படித்தவை ஏ. லாரன்ஸ் லோவல் என்பவரின் அலுவலகத் தாள்கள். 1909 முதல் 1933 வரை 24 ஆண்டுகள் ஹார்வர்டின் தலைவராக இருந்தவர் அவர். அமெரிக்காவில் பல்கலைக்கழகத் தலைவர் என்பது ஏறக்குறைய நம் துணைவேந்தர் பதவி. ஆனால் அந்தக் காலத்தில் அதன் அதிகாரமும் பதவிக்காலமும் நம் துணைவேந்தர்கள் கற்பனையும் செய்ய முடியாத அளவுக்கு நீண்டவை. லோவலுக்கு முன்பிருந்த சார்லஸ் எலியட் 1869 முதல் 1909 வரை 40 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். இரண்டே பேர், 64 ஆண்டுகள்.

இந்தத் தாள்கள்மேல் எனக்கு ஏன் நாட்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் 31 ஆண்டுகள் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அதில் பெரும்பகுதி தபால் பிரிவில். இன்வர்டு, அவுட்வர்டு என்று இரண்டு பதிவேடுகள் என் மேசையில் இருந்தன. முதல்வருக்கு எந்தக் கடிதம் வந்தாலும், அது அரசாணையாக இருந்தாலும், கட்டணம் கட்ட அவகாசம் கேட்டு ஒரு தகப்பன் நோட்டுப்புத்தகத் தாளில் எழுதியதாக இருந்தாலும், இரண்டுக்கும் ஒரே மாதிரி முத்திரை குத்தி, ஒரே வரிசையில் அடுத்தடுத்த எண்ணைக் கொடுப்பது என் வேலை. அதனால் ஒரு பெரிய மனிதரின் கோப்பைத் திறக்கும்போது அவர் என்ன எழுதினார் என்பதைவிட அவருக்கு என்ன வந்தது என்பதில்தான் என் கண் முதலில் போகிறது. லோவலின் தாள்களைப் படிக்கப் படிக்க, அந்தப் பழக்கம் எனக்கு மட்டும் உரிய விந்தைப் பழக்கமன்று, இத்தகைய தாள்களைப் படிப்பதற்கான சரியான வழியே அதுதான் என்ற எண்ணம் வலுத்தது.

லோவல் 1856ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்தில் பிறந்தவர். நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய குடும்பம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆலை நகரம் ஒன்று இன்றும் லோவல் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. செவ்வாய்க் கோளில் கால்வாய்கள் இருப்பதாக நம்பி, அரிசோனாவில் வானாய்வகம் கட்டிய பெர்சிவல் லோவல் இவருடைய அண்ணன். கவிஞர் எமி லோவல் இவருடைய தங்கை. இவர் சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்து, பிறகு அரசியல் நிறுவனங்களைப் பற்றி எழுதிப் பேராசிரியரானவர். எலியட்டின் காலத்தில் மாணவர்கள் எந்தப் பாடத்தை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் கலந்து எடுக்கலாம் என்றிருந்த நிலையை மாற்றி, ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரப்பும் வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தவர். பணக்காரப் பிள்ளைகள் தனியார் மாளிகைகளிலும் ஏழைப் பிள்ளைகள் மலிவு அறைகளிலும் பிரிந்து வாழ்ந்ததைக் கண்டு உண்மையாகவே வருந்தி, எல்லோரும் சேர்ந்து தங்கி, சேர்ந்து உண்ண வேண்டும் என்று முதலாண்டு மாணவர்களுக்கான விடுதிகளை 1914இல் திறந்தவரும் அவரே. பின்னாளில் எட்வர்டு ஹார்க்னஸ் கொடுத்த பெருநன்கொடையைக் கொண்டு மேல் வகுப்பு மாணவர்கள் சேர்ந்து தங்கி வாழும், இன்றைய ஹார்வர்டின் அடையாளமாகிவிட்ட ‘ஹவுஸ்’ முறையையும் ஏற்படுத்தினார்.

இத்தனையையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கீழே வரப்போகும் செய்திகளைப் படித்துவிட்டு, இவர் ஒரு கொடியவர், அவ்வளவுதான் என்று முடித்துவிடுவது எளிது. அப்படி முடித்துவிட்டால் அந்தத் தாள்களில் நமக்குக் கற்க ஒன்றும் இல்லாமல் போய்விடும்.

லோவலின் காலம் தட்டச்சுப் பொறியின் காலம். வெளியே போன ஒவ்வொரு கடிதத்துக்கும் மெல்லிய தாளில் ஒரு கார்பன் நகல் அலுவலகத்தில் தங்கியது. வந்த கடிதமும், அதற்குப் போன பதிலின் நகலும் ஒரே கோப்பில் அடுத்தடுத்துக் கிடக்கும். எங்கள் அலுவலகத்திலும் 1990கள் வரை இப்படித்தான் இருந்தது. கார்பன் நகலின் ஊதாப் புகைபடிந்த எழுத்தைக் கண்டதும், கடல்கடந்த ஊரில் இருக்கிறோம் என்பதே ஒரு கணம் மறந்துபோனது. கோப்புகளுக்குத் தலைப்பு உண்டு. கட்டடங்கள், துறைகள், நன்கொடைகள் என்ற வகையில் வரும் தலைப்புகளுக்கு நடுவே, 1922 முதல் 1925 வரையிலான தொகுதியில், ‘யூதர்கள்’ என்று ஒரு கோப்பும் ‘நீக்ரோக்கள்’ என்று ஒரு கோப்பும் இருக்கின்றன. தபால் பிரிவில் இருந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் யாருக்கும் தனிக்கோப்பு தேவைப்படாது. ஒருவர் அலுவலகத்துக்குத் தொல்லையாகிவிட்டார் என்று கருதப்படும்போதுதான் அவர் பெயரில் அட்டை போடப்படும். பாஸ்டனின் பழைய புரொட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று அந்தப் பெட்டிகளில் கோப்பு எதுவும் இருக்க முடியாது. பெட்டி முழுவதுமே அவர்களுடையதுதான்.

1922ஆம் ஆண்டின் இறுதியில் ராஸ்கோ காங்க்லிங் புரூஸ் என்ற கறுப்பினக் கல்வியாளர், அடுத்த ஆண்டு ஹார்வர்டில் சேரவிருந்த தம் மகனுக்கு முதலாண்டு விடுதியில் ஓர் அறை கேட்டு எழுதினார். புரூஸ் சாதாரண ஆள் அல்லர். அவருடைய தந்தை பிளாஞ்ச் புரூஸ், அடிமையாகப் பிறந்து, மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் அமெரிக்க செனட்டில் 1875 முதல் 1881 வரை முழுப் பதவிக்காலமும் இருந்த முதல் கறுப்பினத்தவர். ராஸ்கோ புரூஸ் 1902இல் ஹார்வர்டிலேயே உயர் தகுதியோடு பட்டம் பெற்றவர். தான் படித்த பல்கலைக்கழகத்தில் தன் பிள்ளைக்கு இடம் கேட்கிறார்.

டிசம்பரில் லோவல் எழுதிய பதில் மிகவும் மரியாதையானது. வசிப்பது கட்டாயமாக்கப்பட்ட முதலாண்டு விடுதிகளில், தொடக்கத்திலிருந்தே, கறுப்பினத்தவரைச் சேர்க்காமலிருக்க வேண்டிய தேவையை உணர்ந்திருக்கிறோம் என்றும், மற்ற விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் அவர்கள் தடையின்றி அனுமதிக்கப்படுகிறார்கள் என்றும், வெவ்வேறு இனத்தவரைச் சேர்ந்து வசிக்கும்படி கட்டாயப்படுத்துவது இயலாது என்பதைத் தாங்கள் புரிந்துகொள்வீர்கள் என்றும் அதில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தில் சினம் இல்லை, வசை இல்லை. எல்லோரும் சேர்ந்து வாழ வேண்டும் என்பதற்காகவே கட்டப்பட்ட விடுதியில், எல்லோரும் சேர்ந்து வாழ்வதை உறுதிப்படுத்தும் கட்டாய விதியையே காரணமாகக் காட்டி, ஒரு சிலரை வெளியே நிறுத்திவிட முடிகிறது. விடுதித் திட்டத்தை லோவல் எவ்வளவு நேசித்தார் என்பது அவருடைய மற்றக் கோப்புகளிலிருந்து தெரிந்திருந்ததால், இந்த நகல் எனக்குக் கூடுதலான வேதனையைத் தந்தது. தம் வாழ்வின் மிக நல்ல எண்ணத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் அவர் இதைச் செய்தார்.

புரூஸ் 1923 ஜனவரியில் எழுதிய மறுமொழி, லோவலின் தாள்கள் முழுவதிலும் மிகச் சிறந்த உரைநடை என்பது என் முடிவு. பல்கலைக்கழகத் தலைவர் பயன்படுத்தியிருக்கும் இரண்டு சொற்களைப்போல் கொடுமையாகத் தவறாகப் பயன்படுத்தப்படக்கூடியவை ஆங்கிலத்தில் அரிது என்று தொடங்கி, ஒன்று ‘இனம்’, மற்றது ‘தேவை’ என்று புரூஸ் சுட்டுகிறார். இனம் என்பது பல நேரங்களில் சமூக வசதிக்கான ஒரு சொல் மட்டுமே. தேவை என்பது தப்பெண்ணத்துக்கு முட்டுக்கொடுக்கும் கழி. அதற்கடுத்து, வெரிட்டாஸ் அப்படி நழுவிப் போவதில்லை என்கிறார். வெரிட்டாஸ் என்றால் லத்தீனில் உண்மை. ஹார்வர்டின் இலச்சினையில் பொறிக்கப்பட்டிருக்கும் சொல் அது. அந்தப் பல்கலைக்கழகத்தின் சொல்லை எடுத்து அதன் தலைவரின் முன்னால் வைக்கிறார் அதன் பழைய மாணவர். கெஞ்சல் இல்லை, குரல் உயர்த்தலும் இல்லை. கட்டாய வசிப்பு என்ற விதிதான் ஹார்வர்டை இந்தப் பாகுபாட்டுக்குள் தள்ளுகிறது என்றால், அந்த விதிக்கு ஹார்வர்டு மிகப் பெரிய விலை கொடுக்கிறது என்று கணக்குச் சொல்கிறார்.

இந்தக் கடிதப் பரிமாற்றம் அந்த மாதமே செய்தித்தாள்களில் வெளிவந்துவிட்டது. அதன்பிறகு தலைவர் அலுவலகத்துக்கு வந்து குவிந்த கடிதங்கள் ஒரு தனி உலகம். அதற்கு முந்தைய ஆண்டிலேயே, முன்னாள் மாணவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு இந்தத் தடைக்கு எதிராக ஒரு விண்ணப்பம் அனுப்பியிருந்தார்கள். கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் தலைவராக இருந்த மூர்ஃபீல்டு ஸ்டோரி, தாமும் ஹார்வர்டின் பழைய மாணவர் என்ற உரிமையோடு போராடினார். ஓய்வுபெற்று முதுமையில் இருந்த எலியட், தமக்குப் பின் வந்தவரின் போக்கை ஏற்கவில்லை. 1923இன் முற்பகுதியில், பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுக்களில் ஒன்றான மேற்பார்வையாளர் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நிறத்தின் காரணமாக யாரும் முதலாண்டு விடுதியிலிருந்து விலக்கப்படக்கூடாது என்று அதன் ஒரு பாதி கூறியது. வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் சேர்ந்து வசிக்கவும் சேர்ந்து உண்ணவும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அதன் மறுபாதி கூறியது. யாரும் விலக்கப்படக்கூடாது என்ற பாதி வந்த கடிதங்களால் விளைந்தது. மறுபாதி லோவலுடையது.

‘யூதர்கள்’ கோப்பு அளவில் பெரியது. ஆனால் படித்து முடித்தபோது மனத்தில் தங்கியவை இரண்டே தாள்கள். 1900இல் ஹார்வர்டின் புதிய மாணவர்களில் சுமார் 7 விழுக்காடாக இருந்த யூதர்கள் 1922இல் 21 விழுக்காட்டைத் தாண்டியிருந்தார்கள். பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழை வீட்டுப் பிள்ளைகள். நுழைவுத் தேர்வில் மதிப்பெண் எடுத்து வந்தவர்கள். இவர்களுக்கு 15 விழுக்காடு என்று வரம்பு கட்ட லோவல் விரும்பினார். 1922 மே மாதம் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஹாக்கிங்குக்கு அவர் எழுதிய கடிதம் முதல் தாள். கோடைக்காலப் பயணிகள் விடுதி ஒன்று யூதர்களை அனுமதித்தால் அழிந்துபோகிறது, யூதர்கள் தீயவர்கள் என்பதாலன்று, அவர்கள் வந்ததும் மற்றவர்கள் போய்விடுகிறார்கள், மற்றவர்கள் போனதும் யூதர்களும் போய்விடுகிறார்கள் என்று அதில் வாதிடுகிறார். பிறருடைய வெறுப்பைக் காரணம் காட்டித் தன் செயலை நியாயப்படுத்தும் இந்தத் தருக்கம் புரூஸுக்கு எழுதிய பதிலில் இருந்த அதே தருக்கம். எனக்கொன்றும் இல்லை, மற்றவர்கள் ஏற்கமாட்டார்கள் என்ற பேச்சை நாமும் வாடகை வீடு தேடும்போது கேட்டிருக்கிறோம்.

இரண்டாவது தாள், அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் புகுத்தப்பட்ட புதிய சேர்க்கை விண்ணப்பப் படிவம். இனமும் நிறமும் என்ன, சமயச் சார்பு என்ன, தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர் என்ன, தந்தை பிறந்த இடம் எது என்பன அதில் இருந்த கேள்விகள். இவற்றோடு, பிறந்தது முதல் உன் பெயரிலோ உன் தந்தையின் பெயரிலோ ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டிருந்தால் அதை முழுமையாக விளக்குக என்று ஒரு கேள்வி. படிவம் என்பது ஓர் அலுவலகத்தின் உள்மனம் என்று நான் என் பணிக்காலம் முழுவதும் எண்ணியிருக்கிறேன். தலைவரின் உரைகளில் இல்லாத வெளிப்படைத்தன்மை இந்த ஒற்றைக் கேள்வியில் இருக்கிறது. குடியேறிய நாட்டில் பிழைப்பதற்காகப் பெயரை மாற்றிக்கொண்ட ஒரு தையற்காரரின் மகன், அந்தக் கோட்டில் பேனாவை வைத்தபடி என்ன யோசித்திருப்பான் என்பதை எந்தக் கோப்பும் பதிவுசெய்யவில்லை.

ஆசிரியர்களைக் கொண்ட குழு ஒன்று இந்தக் கேள்வியை ஆராய்ந்து, 1923 ஏப்ரலில், ஒதுக்கீட்டு வரம்பு கூடாது என்று அறிக்கை தந்தது. அப்போது லோவல் தோற்றார். ஆனால் 1926இல், முதலாண்டுச் சேர்க்கையை 1000 பேர் என்று நிறுத்தி, மதிப்பெண்ணோடு ‘குணநலன்’ என்பதையும் எடைபோடும் உரிமையைச் சேர்க்கைக் குழுவுக்குக் கொடுத்து, விண்ணப்பத்தோடு புகைப்படத்தையும் கேட்டபோது, கேட்டது கிடைத்துவிட்டது. வரம்பு என்ற சொல்லே எங்கும் எழுதப்படாமல் யூத மாணவர்களின் விகிதம் குறைந்தது. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைமுறை, இந்த இடத்தில் பிடித்த வழியில்தான் நடந்தது.

இனி நான் சொல்லவிருப்பது, என்னைப் பல இரவுகள் தூங்கவிடாமல் செய்தது.

1919 செப்டம்பரில் பாஸ்டன் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது ஹார்வர்டில் இளம் விரிவுரையாளராக இருந்த ஹெரால்டு லாஸ்கி காவலர்களுக்கு ஆதரவாகப் பேசினார். பின்னாளில் லண்டனில் வி. கே. கிருஷ்ண மேனனுக்கும் கே. ஆர். நாராயணனுக்கும் ஆசிரியராக இருந்த அதே லாஸ்கிதான். நகரத்தின் பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். லாஸ்கியை நீக்காவிட்டால் நன்கொடை கிடையாது என்ற மிரட்டல்கள் வந்தன. லோவல் அந்த வேலைநிறுத்தத்தை முழுமையாக எதிர்த்தவர். காவலர்களின் இடத்தில் வேலை செய்யத் தொண்டர்களாகச் செல்லும்படி மாணவர்களை ஊக்குவித்தவர். அப்படியிருந்தும், மேற்பார்வையாளர்கள் லாஸ்கியின் பதவி விலகலைக் கேட்டால் அதோடு என்னுடையதும் கிடைக்கும் என்று சொல்லி அவரைக் காத்தார். இது ஒரு நாள் ஆவேசமன்று. போர்க்காலத்தில், 1916–17க்கான ஆண்டறிக்கையிலேயே, பேராசிரியர்கள் சொல்வதைத் தணிக்கை செய்யும் பல்கலைக்கழகம், தணிக்கை செய்யாமல் விட்ட எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பேற்க நேரும், ஆகவே இதில் நடுவழி கிடையாது என்று அவர் எழுதியிருந்தார். கருத்துரிமையைப் பற்றி ஒரு பல்கலைக்கழகத் தலைவர் எழுதியவற்றுள் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் படித்ததில்லை.

லாஸ்கி சர்ச்சை ஓய்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1920 மே மாதம், ஹார்வர்டு மாணவர் ஒருவர் தம் பெற்றோர் வீட்டில் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு நண்பர்களிடமிருந்து வந்த கடிதங்களைப் படித்த அண்ணன், அவற்றிலிருந்து தன்பாலீர்ப்புடைய மாணவர்களின் ஒரு வட்டம் இருப்பதை அறிந்து, டீன் பொறுப்பில் இருந்த செஸ்டர் கிரீனோவிடம் போய்ச் சொன்னார். லோவலின் ஒப்புதலோடு ஐந்து நிர்வாகிகள் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. தங்களைத் தாங்களே அவர்கள் ‘நீதிமன்றம்’ என்று குறித்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்குள் முப்பதுக்கும் மேற்பட்டவர்களை, ஒருவர் பின் ஒருவராக, மூடிய கதவுக்குள் விசாரித்தார்கள். எட்டு மாணவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர்கள் பல்கலைக்கழகத்தை மட்டுமல்லாமல் ஊரையும் விட்டே போக வேண்டியிருந்தது. பெற்றோருக்குக் கடிதம் போனது. பின்னாளில் வேலைக்காக யாராவது விசாரித்தால் நம்பிக்கை தெரிவிக்கும் எந்தச் சொல்லையும் எழுதுவதற்கு முன் டீன் அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்ற குறிப்பும் அவர்களுடைய பதிவுகளில் ஏறியது. வெளியேற்றப்பட்டவர்களில், பல் மருத்துவப் பள்ளியில் படித்த ஒருவர் அந்த ஜூன் மாதமே தற்கொலை செய்துகொண்டார். இருவர் மட்டும் பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். இவர்கள் யாருடைய பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை.

இந்தக் கோப்பு தலைவரின் பெட்டிகளில் இல்லை. டீன் அலுவலகப் பதிவுகளில் இருக்கிறது. 2002இல் ஹார்வர்டு மாணவர்களின் நாளிதழான கிரிம்சனைச் சேர்ந்த ஒரு மாணவர், காப்பகத்தின் பட்டியலில் ‘இரகசிய நீதிமன்றம்’ என்ற பதிவைத் தற்செயலாகக் கண்டார். முதலில் மறுத்த பல்கலைக்கழகம், பல மாத வாதத்துக்குப் பிறகு, மாணவர்களின் பெயர்களைக் கறுப்படித்து, சுமார் 500 பக்கங்களைக் கொடுத்தது. அந்த நவம்பரில் கட்டுரை வெளிவந்ததும், அப்போதைய தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ், நடந்ததற்குப் பல்கலைக்கழகத்தின் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தார்.

அந்த 500 பக்கங்களிலும் என் கண் வந்த கடிதங்களையே தேடியது. வெளியேற்றப்பட்ட ஒரு மாணவரின் தாய் டீனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு நீதியுணர்வு கொஞ்சம் குறைவாகவும், இயேசுவின் மனம் கொஞ்சம் கூடுதலாகவும் இருந்திருந்தால் எவ்வளவோ நன்மை செய்திருக்கலாமே என்பது அதன் சாரம். இதைப் படித்த இடத்தில் நான் கோப்பை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் இப்படிப்பட்ட கடிதங்களுக்கு நானும் எண் கொடுத்திருக்கிறேன். ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான பிள்ளைகளின் தாய்மார் எழுதியவை, பிழையும் கண்ணீருமாக வந்தவை, என் மேசையைக் கடந்து ‘கோப்பில் சேர்க்க’ என்ற இரண்டு சொல் குறிப்போடு திரும்பி வந்திருக்கின்றன. நான் சேர்த்திருக்கிறேன். அவற்றுக்குப் பதில் போகவில்லை என்பதை அவுட்வர்டு பதிவேட்டின் வெற்றிடம் இன்றும் சொல்லும்.

லாஸ்கிக்காகப் பதவியையே பணயம் வைத்த மனிதரும், இந்த விசாரணைக்கு ஒப்புதல் கொடுத்த மனிதரும் ஒருவரே. இதை முரண் என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. லோவல் காத்தது பேராசிரியரை. பேசும் உரிமை உள்ளவர் என்று அவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒருவரை. அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு அவரிடம் மரியாதையான தமிழில் சொன்னால் ‘தயை’ இருந்தது, உரிமை இருக்கவில்லை. தம் கொள்கையை வெளியாருக்கும் நீட்டிப் பார்க்கும்படி அவரைத் தொடர்ந்து கேட்டவர்கள் இருந்தார்கள். புரூஸ் கேட்டார், எலியட் கேட்டார், ஸ்டோரி கேட்டார், அந்தத் தாயும் தன் வழியில் கேட்டார். அக்காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று லோவலுக்காக இன்று யாராவது சொன்னால், அதை மறுக்கும் சான்று அவருடைய சொந்தப் பெட்டியிலேயே, அவருக்கு வந்த கடிதங்களாக, தேதி போட்டு இருக்கிறது.

1927இல் சாக்கோ, வான்செட்டி என்ற இத்தாலியத் தொழிலாளர் இருவரின் மரண தண்டனையை மறுஆய்வு செய்ய ஆளுநர் அமைத்த குழுவுக்கும் லோவலே தலைமை தாங்கினார். விசாரணை நியாயமாகவே நடந்தது என்று குழு சொன்னது. ஆகஸ்டு 23 அன்று தண்டனை நிறைவேறியது. உலகெங்கிலுமிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஹார்வர்டின் நிர்வாகப் பதிவுகள் 50 ஆண்டுகளும், மாணவர், பணியாளர் பற்றிய பதிவுகள் 80 ஆண்டுகளும் பூட்டி வைக்கப்படும் என்பது அங்குள்ள விதி. ஆகையால் லோவல் 1922இல் எழுதியதை ஆய்வாளர்கள் 1970களில்தான் படிக்க முடிந்தது. 1920இன் விசாரணைக் கோப்பின் 80 ஆண்டு 2000இல்தான் முடிந்தது. இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். பூட்டு இல்லாவிட்டால் அலுவலர்கள் எதையும் எழுதிவைக்கமாட்டார்கள், எழுதியதையும் கிழித்துவிடுவார்கள். ஆனால் 80 ஆண்டு என்பது யாரைக் காக்கிறது என்பதைக் கோப்புக்குக் கோப்பு கேட்டுப் பார்க்க வேண்டும். 1920இன் கோப்பில் அது மாணவர்களின் மானத்தைக் காத்தது என்பது உண்மை. அந்த மாணவர்கள் எல்லோரும் சாகும்வரை, தங்களுக்கு எதிராக என்ன எழுதப்பட்டது என்பதை அவர்களே படிக்க முடியாமல் செய்தது என்பதும் உண்மை. விசாரித்த ஐவரின் பெயரையும் அது காத்தது. இந்த மூன்றையும் ஒரே பூட்டு செய்யும்போது, அந்தரங்கம் என்ற நல்ல சொல்லைச் சொல்லி மூன்றையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

எனக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. கார்பன் நகல்கள் போய்விட்டன. என் கடைசிப் பணியாண்டுகளிலேயே பெற்றோரின் மனுக்கள் இணையப் படிவத்துக்கு மாறிவிட்டன. 500 எழுத்துக்குள் குறையைச் சொல்ல வேண்டும், ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று குறித்ததும் திரையிலிருந்து மறைந்துவிடும். தலைவர்களின் உரைகளும் சுற்றறிக்கைகளும் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். புரூஸ் எழுதியதுபோன்ற ஒன்று 500 எழுத்துப் பெட்டிக்குள் வந்து விழுந்தால் அதை யார் எடுத்துவைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. லோவலின் அலுவலகத்தில், தங்கள் தலைவருக்கு எதிராக இவ்வளவு தெளிவாகப் பேசும் ஒரு தாளை, கிழிக்காமல், ஒளிக்காமல், அவருடைய பதிலுக்கு அடுத்ததாக வைத்துக் கோப்பில் கட்டியவர் ஒரு செயலராகவோ எழுத்தராகவோ இருந்திருப்பார். அவருடைய பெயர் எந்தக் கட்டடத்திலும் இல்லை.

காப்பகங்களில் ஒரு விதி உண்டு. தாள்கள் எந்த வரிசையில் அந்த அலுவலகத்தில் இருந்தனவோ அந்த வரிசை கலையக் கூடாது. கடைசி நாள், மூடும் நேரம் நெருங்கியபோது, நான் திறந்திருந்த கோப்பின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, வந்த கடிதம், போன பதிலின் நகல், அதற்கு வந்த மறுமொழி என்று வரிசை மாறாமல் இருக்கிறதா என இருமுறை சரிபார்த்தேன். பிறகு விளிம்புகளைத் தட்டிச் சமப்படுத்தி, பெட்டிக்குள் வைத்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற இளைஞரிடம் ஒப்படைத்தேன். அவர் எண்ணைப் பார்த்துத் தம் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.